உப்பில்லாக் கஞ்சியும் முன்வாசலும்

அருளாளன் எனக்கு நீண்ட ஆயுளையும் மங்காத நினைவையும் தந்தான். பற்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டான். கஞ்சி குடிப்பதற்குப் பற்கள் வேண்டியதில்லை என்பதால் அதில் எனக்கு மனக்குறை கிடையாது. நான் எழுத முனைவதும் ஒரு கஞ்சியைப் பற்றித்தான். ஐம்பதுகளில், இலங்கையின் கிழக்கே எங்கள் கல்முனைக் கரையில், நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைந்ததால் ஒரு பெண்ணின் திருமணம் நின்றுபோகப் பார்த்தது. ஜேர்மனி தேசத்தில் ஒரு கொடுங்கோலன் எழுந்ததையும், அவன் யூத மக்களை வேரறுக்கப் புகுந்ததையும், அத்துயரில் தப்பிய ஒருவர் வாயால் நான் கேட்டதும் அதே நாட்களில்தான். ஒன்று மலை, மற்றது கடுகு. ஆயினும் என் நினைவில் அவ்விரண்டும் பிரித்தெடுக்க இயலாதபடி ஒட்டிக்கிடக்கின்றன.

அப்போது நான் அரசாங்கப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் இளைஞன். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து, நபிப் பெருமானாரின் புகழ் கூறும் பழைய விருத்தங்களை இராகத்தோடு படித்துப் பொருள் சொல்வது என் பணி. என் குரலை என் தாயார் புகழ்ந்ததுண்டு. வேறு எவரும் புகழ்ந்ததாக நினைவில்லை.

எங்கள் கரையில் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் நிர்வாகியாக ஒரு மரைக்காயர் உண்டு. பள்ளியின் பெட்டகத்துக்குக் குடிக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு சாவி, சாவிக்கொரு மரைக்காயர். எல்லோரும் கூடினாலன்றிப் பெட்டகம் திறவாது. முன்னோர் ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தனர் என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று.

ஒரு மாரியில் பெருவெள்ளம் வந்தது. மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்கள் கடலாகின. வீடிழந்தோர் பள்ளிக்குள் நிறைந்தனர். அவர்களுக்கு அரிசி வாங்கப் பெட்டகத்தைத் திறக்க வேண்டும். மரைக்காயர்களோ ஆளுக்கொரு மேட்டில் அகப்பட்டிருந்தனர். அந்நேரம் தலைமை மரைக்காயர் தோணி அனுப்பி எல்லாச் சாவிகளையும் வருவித்தார். அன்று அவர் செய்தது பெரும் பணி. சொறிக்கல்முனையிலிருந்து நனைந்து வந்த கிறிஸ்தவர்களுக்கும் அவர் தம் கையாலேயே சோறு வைத்ததை நான் கண்டிருக்கிறேன். வெள்ளம் வடிந்தது. மரைக்காயர்கள் அவரவர் வீடு திரும்பினர். சாவிகள் மட்டும் தலைமை மரைக்காயரின் அகன்ற இடுப்பு வாரில் கொத்தாகத் தொங்கிக்கொண்டே இருந்தன. அவர் நடந்தால் கிலுங்கும். அவ்வோசையைக் கேட்டு முதலில் சிரித்தோம். பிறகு வழிவிடப் பழகினோம்.

அடுத்து, பெற்றரியில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்று பள்ளிக்கு வந்தது. அதன் வழியே ஆணைகள் பிறந்தன. தொப்பியில்லாதவர் முன்வரிசையில் நிற்கலாகாது. சந்தியில் நின்று கதைக்கலாகாது. பள்ளி வீதியில் ஆடுகள் நடமாடலாகாது. ஆடுகள் மட்டும் கீழ்ப்படியவில்லை. அதற்கும் சிரித்தோம்.

அவ்வாண்டு நோன்பில் ஒருநாள் கஞ்சி காய்ச்சும் முறை தலைமை மரைக்காயரின் தாய்க் குடிக்கு வந்தது. அவரே அடுப்படியில் நின்று மேற்பார்வை செய்தார். நோன்பு திறந்து முதல் மிடறு குடித்ததும், பள்ளிக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"மச்சான், இண்டைக்கு உப்பும் நோன்பு புடிச்சிரிக்கி போல. கஞ்சிக்குள்ள வாயே வைக்கல்ல."

பாங்கு சொல்லும் மோதினாருக்குக் கஞ்சி மூக்கால் வந்தது. பள்ளி முற்றமே குலுங்கியது. தலைமை மரைக்காயர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி முழங்கியது: பள்ளியின் கஞ்சியைப் பழித்த கடைக்காரருக்கு ஊர்விலக்கு. அவரோடு சலாம் இல்லை. அவர் கடையில் எவரும் தேத்தண்ணி குடிக்கலாகாது. அவர் வீட்டு நன்மை தீமைக்கு ஊரும் இல்லை, ஓதிவைக்க லெப்பையும் இல்லை.

நன்மை தீமை என்றால் திருமணமும் மரணமும். கடைக்காரரின் மகளுக்குப் பெருநாள் கழிந்த மாதத்தில் நிகாஹ் குறித்திருந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர் சாய்ந்தமருது. இரண்டு நாளில் அங்கிருந்து ஆள் வந்தது: "ஊர் ஒதுக்கின ஊட்டுக்கு நாங்க எப்பிடி மாப்புள்ளயக் கூட்டி வாற? நாளுக்கு முதல் தீத்துக்கங்க. இல்லாட்டி எங்களக் குறை செல்லாதங்க." மகள் அன்று முதல் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை என்று கடைக்காரர் சொன்னார். ஊரையே சிரிக்கவைத்தவர் அதைச் சொல்லும்போது தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் முடிந்து கடை பகலில் திறந்ததும், வாசலில் காவலுக்கு மோதினார் நிறுத்தப்பட்டார். கையில் பிரம்பு. அவரோ அக்கடையின் தேத்தண்ணிக்கு அடிமை. முதல் நாள் நண்பகல் வரை பொறுத்தார். பிறகு பிரம்பை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, வளவைச் சுற்றிப் பின்வேலியில் ஆள் புகும் கடப்பால் நுழைந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மீண்டும் காவலுக்கு வந்தார். அடுத்த நாள் அவ்வழியை ஊர் முழுவதும் அறிந்தது. முன்வாசலில் ஊர்விலக்கு, பின்வாசலில் வியாபாரம். ஆணையும் மீறப்படவில்லை, நாக்கும் வறளவில்லை என்று எங்கள் கெட்டித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். நானும் அப்பின்வழியால் போய்வந்தவன்தான்.

கடைக்காரரின் மனைவிக்கு அது பெருந்தொல்லை. எங்களூரில் பின்வளவு பெண்களுக்கு உரியது. "கிணத்தடிக்குப் போக ஏலா, உடுப்புக் காயப்போட ஏலா," என்று உள்ளிருந்து குரல் வரும். "கலியாண ஊட்டுக்கு முன்னால ஒரு மனிசன் இல்ல, பின்னால சந்தை. இதென்ன கலியாணமா, களவா?"

முன்வாசல் வாங்குப் பலகையில் ஒருவர் மட்டும் நாள்தோறும் வந்து தனியே அமர்ந்தார். அவரைச் சாயத்துரை என்போம். மருதமுனைத் தறிகளுக்கு நூலில் சாயம் ஏற்றும் முறையைச் சீர்செய்ய வந்த வெள்ளைக்காரர். நெடிய உருவம், முழங்கை வரை அழியாத நீலம், நெசவாளரிடம் கற்ற எங்களூர்த் தமிழ். ஜேர்மனியில் அவரை நீ ஜேர்மன்காரன் இல்லை என்று துரத்தினார்கள். தப்பி இலங்கைக்கு வந்ததும் போர் மூண்டது. நீ ஜேர்மன்காரன்தான் என்று ஆங்கிலேயர் பிடித்து அடைத்தார்கள். "ரெண்டு பேரும் கூடிக் கதைச்சிருந்தா எனக்கு ஒரு முடிவு கிடைச்சிருக்கும்," என்பார்.

அவர் யூதர் என்று தெரிய வந்தபோது ஊரில் சிலர் முகம் சுளித்தனர். யூதருக்கெனத் தனி நாடு எழுந்தபோது புனித நகரைச் சூழ்ந்த மண்ணிலிருந்து வீடிழந்து வெளியேறிய நம்மவர் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் நெஞ்சும் புண்பட்டிருந்தது. அதைப் பற்றி யாரேனும் கேட்டால் அவர், "ஊட்ட உட்டுப் போட்டு ஓடுற ஆள் ஆராயிருந்தாலும் எனக்கு அவனத் தெரியும்," என்று மட்டும் சொல்வார். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை.

கடைக்கும் பின்வளவுக்கும் இடையே ஒரு சாக்குத் திரை தொங்கியது. திரைக்கு இப்பால் நாங்கள், அப்பால் துரை. வாசலில் மோதினார். ஒருநாள் கடைக்காரர் அழைத்தார்:

"தொரை, நீங்களும் பின்னால வாங்களன். இஞ்ச நல்ல நெழல்."

"வேணாம். நான் பின்வாசல் கோப்பி நிறையக் கண்டிட்டன்."

"எங்க?"

"எங்கட வாப்பாட புடவைக் கடையில." வாப்பா, உம்மா என்றே அவர் தம் பெற்றோரைச் சொல்வார், நெசவாளர் அப்படித்தான் கற்பித்திருந்தனர். "ஒரு நாள் காலத்தால வாசல்ல ஒருத்தன் பலகையோட நிண்டான். இது யூதன்ட கடை, வாங்காத எண்டு அதில எழுத்து. ஆரெண்டு பாத்தா வாப்பாவோட சேந்து பாட்டுப் படிக்கிற ஆள். வாப்பா வெளிய போய், கோப்பி குடிக்கிறியா எண்டு கேட்டார். இப்ப ஏலா, நான் டியூட்டி, பகலைக்கு வாறன் எண்டான்."

பின்வளவு சிரித்தது. மோதினார் பின்வழியால் வாங்கி வந்திருந்த கிளாசை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வந்தானா?" என்று நான் திரைக்குள்ளிருந்து கேட்டேன்.

"வந்தான். பின்வாசலால. நாங்களும் இப்பிடித்தான் சிரிச்சம்."

சிரிப்பு நின்றது. மோதினார்தான் கேட்டார்: "மறுகா என்ன நடந்திச்சி?"

"மறுகா கன நாள் எல்லாரும் பின்வாசலால வந்தாங்க. நல்ல ஆக்கள். முன்வாசலால மட்டும் ஒருத்தரும் வரல்ல. அதப் பாத்த மற்றாக்கள், இந்தக் கடைக்கு ஒருத்தரும் போறல்ல, அப்ப நாமளும் போகத் தேவல்ல எண்டு நினைச்சாங்க. மறுகா பின்வாசலும் ஓஞ்சி போச்சி."

"இதெல்லாம் எப்பிடித் தொடங்கின, தொரை? ஒருத்தனுக்கு இவ்வளவு அதிகாரத்த ஆர் குடுத்த?" என்று நான் கேட்டேன்.

"நாட்டில பெரிய மண்டபம் ஒண்டு எரிஞ்சிச்சி. தலைவன் செண்ணான், இது ஆபத்து, எல்லாச் சாவியையும் எனக்கிட்டத் தாங்க எண்டு."

"என்ன சாவி?"

"பத்திரிகைட சாவி, கோட்டுட சாவி, பொலிசிட சாவி. பயத்தில குடுத்தாங்க. நெருப்பு அணைஞ்சி. சாவி வரல்ல." அவர் தேத்தண்ணியை ஊதினார். "எங்களுக்கு நெருப்பு. உங்களுக்கு வெள்ளம்."

"சே, அப்பிடிச் செல்லாதங்க," என்றார் மோதினார். "எங்கட மரைக்காயர் கோவக்காரர்தான். கெட்டவரில்ல."

"ஓம், இவர் சோறு போட்ட மனிசன், அவனோட சேத்து வைக்கமாட்டன். நான் மரைக்காயரப் பத்திக் கதைக்கல்ல, மோதினார். பின்வாசலப் பத்திக் கதைக்கிறன். பின்வாசலால தேத்தண்ணி வரும். மாப்புள்ள வருவாரா?"

கடைக்காரர் அடுப்பை ஊதுவதுபோல் குனிந்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மிகுதியைத் துரை பல நாட்களில், துண்டு துண்டாகச் சொன்னார். ஆசிரியர்களும் வைத்தியர்களும் உத்தியோகம் இழந்தனர். பூங்காவின் வாங்கில் அமரத் தடை வந்தது. யாரை யார் மணக்கலாம் என்று சட்டம் வந்தது. அதற்காகப் பாட்டன் பாட்டிமாரை எண்ணினார்கள். தொழுகையே அறியாத ஒருவன், பாட்டன்மாரின் கணக்கால் யூதன் ஆனான். ஓர் இரவில் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின, ஆலயங்கள் எரிந்தன. அதன் பிறகுதான் வாப்பா மகனைக் கப்பல் ஏற்றினார். வாப்பாவும் உம்மாவும் தங்கையும் ரயிலில், அவர் சொல்லில் கோச்சியில், ஏற்றப்பட்டனர். கோச்சி என்ற சொல் வந்ததும் அவர் கிளாசைக் கவிழ்த்து வைப்பார். அன்றைய கதை முடிந்தது என்று பொருள். அக்கோச்சி எங்கே போயிற்று என்பதை நான் பின்னாளில் படித்தே அறிந்தேன்.

கேட்கக் கேட்க எனக்கு அந்தாதி நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டின் ஈற்றுச்சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாகும். பக்தர் பாடும் அந்தாதி நூறு பாட்டில் தொடங்கிய இடத்துக்கே வந்து அருளில் அடங்கும். கொடுங்கோலன் பாடும் அந்தாதியிலோ ஓர் ஆணையின் முடிவிலிருந்து அடுத்த ஆணை பிறக்கிறது. யாரேனும் இடைமறித்தாலன்றி அது அடங்குவதே இல்லை.

எங்கள் அந்தாதியும் வளர்ந்தது. பின்வாசல் செய்தி தலைமை மரைக்காயரின் காதை எட்டியது. கச்சான் காற்றுப் புழுதியை வாரியிறைத்த ஒரு வெள்ளியன்று, ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் ஒலிபெருக்கியைப் பற்றினார். முகம் சிவந்திருந்தது. "கடைக்காரர் மட்டுமல்ல, இன்று முதல் அவர் வீட்டுக் குடி முழுவதும் ஊர்விலக்கு. அக்குடியாரோடு சலாமில்லை, சாப்பாடில்லை, அவர் வீட்டுக்குள் இவர், இவர் வீட்டுக்குள் அவர் புகலாகாது."

இதன் பொருளை அறியாதாருக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் கரையில் குடி தாய்வழியே வரும். பிள்ளைகள் தாயின் குடி. வீடும் பெண்ணுக்கே; திருமணமானதும் ஆண் தன் மூட்டையோடு மனைவியின் வீட்டுக்குப் போகிறான். ஆகவே கடைக்காரர் வீட்டுக் குடி என்பது அவர் மனைவியின் குடி. அது ஊரிலேயே பெரிய குடி. பள்ளியில் இருந்த ஆண்கள் விரல்விட்டுத் தத்தம் மனைவியரின் குடியை எண்ணத் தொடங்கினர். அக்குடிக்குரிய மரைக்காயர் திடீர்க் காய்ச்சல் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். தலைமை மரைக்காயரின் மனைவியும் பெண்மக்களும் அதே குடியினர் என்பதை அறியாதவர் அவ்வூரில் எவருமிலர். கோபத்தில் அதை மறந்தவர் அவர் ஒருவரே. நினைவூட்ட எவருக்கும் துணிவு வரவில்லை. சாவிக்கொத்துக்கு நாங்கள் அவ்வளவு பழகிவிட்டிருந்தோம்.

பின்பு நடந்ததை, அன்று அவருக்குக் குடை பிடித்துச் சென்ற மோதினார் ஊருக்குச் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

தலைமை மரைக்காயரின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது; உள்ளே மனைவி.

"கதவத் தெறகா."

"ஆரு?"

"நான்தான்."

"நீங்க ஊர் ஆள். நாங்க ஊர்விலக்கு ஆக்கள். ஊட்டுக்குள்ள எடுக்க ஏலா. இப்பதானே லவுட்ஸ்பீக்கர்ல கேட்டம்."

"அது... அது அவங்களுக்குச் செண்ண."

"அவங்க எண்டா ஆரு? கடைக்காரர்ர பொஞ்சாதிட உம்மாவும் எங்கட உம்மாவும் ஒரு குடி. அவட புள்ளைக்குக் கலியாணம் இல்லையெண்டா எங்கட புள்ளைக்கும் இல்ல."

"பசிக்கிது, புள்ள."

"பள்ளியில கஞ்சி இரிந்தாக் குடிங்க. உப்ப மட்டும் பாத்துக்கங்க."

அவர் வளவைச் சுற்றிப் பின்வேலிக்குப் போனாராம். கடப்பைப் பெண்மக்கள் முன்னரே கயிற்றால் வரிந்து கட்டியிருந்தனர். அங்கிருந்து தம் தமக்கையின் வீட்டுக்குப் போனார். "உங்கட ஊட்டுச் சண்டைய என்ட அடுப்புக்குக் கொண்டு வராதங்க, தம்பி," என்று அவர் வாசலிலேயே தேங்காய் துருவிக்கொண்டு சொன்னார். அன்றைய பகலுணவு மரைக்காயருக்கு இரண்டு வாழைப்பழம்.

நான் ஓடிச்சென்று துரையிடம் சொன்னேன். அவர் வாங்கிலிருந்து எழுந்துவிட்டார். "குடிய எண்ணத் தொடங்கிட்டாங்களா? பாட்டன் கணக்கா?"

"இல்ல தொரை, உம்மா கணக்கு."

"எங்கட ஆக்களுக்கும் உம்மா கணக்குத்தான்." மீண்டும் அமர்ந்தார். "மரைக்காயர் ஆர்ர ஊட்டில இருக்கிறார்?"

"பொஞ்சாதிட ஊட்டில."

"ஊடு அவட பேரிலயா?"

"ஓம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். வாங்கு ஆடும்படி, கண்ணில் நீர் வரும்படி சிரித்தார். பிறகு நீலக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கட தலைவனுக்கு அப்பிடி ஒரு கதவு இருக்கல்ல," என்றார்.

தலைமை மரைக்காயர் பள்ளி விறாந்தையில் உறங்கிச் சில நாட்கள் தாக்குப்பிடித்தார். அவரைப் போலவே பல கணவர்களும் அங்கே பாய் விரித்தனர். ஊரின் பாதி வீடுகளின் கதவுகள் ஆணையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தன. விறாந்தையில் இடம் போதாமல் போயிற்று. இறுதியில் மனைவியின் நிபந்தனை வந்தது: ஏறிய ஒலிபெருக்கி வழியாலேயே ஊர்விலக்கு இறங்க வேண்டும், கலியாணத்துக்கு அவர் முன்வாசலால் போக வேண்டும்.

மறு வெள்ளியன்று, இம்மாதத்தின் மேன்மை கருதி ஊர்விலக்கு நீக்கப்படுவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. கஞ்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலையே சாய்ந்தமருதுக்கு ஆள் போயிற்று.

நிகாஹ் நாளில் மாப்பிள்ளையை நாங்கள் பைத்து என்னும் புகழ்ப்பாட்டுப் பாடி அழைத்து வந்தோம். என் குரல் கரகரத்தது, புழுதி காரணம். முன்வாசலில் மோதினார் அதே பிரம்போடு நின்றார், இம்முறை ஆடுகளை விரட்ட. கடைக்காரரின் மனைவி சமையலறை வாசலில் நின்று, பின்வளவில் ஓர் ஆணும் இல்லையென்று இருமுறை பார்த்துக்கொண்டார். லெப்பை வந்தார். நிகாஹ் நிறைவேறியது.

பந்தலில் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாக உண்பது எங்கள் வழக்கம். தலைமை மரைக்காயர், மாப்பிள்ளையின் தகப்பனார், லெப்பை, மோதினார், நான் என ஐவர் அமர்ந்தோம். ஆறாவது இடத்துக்குக் கடைக்காரர் துரையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் ஆரு?"

"யஹூதி," என்றார் மோதினார். "நல்ல மனிசன்."

"பண்டி திம்பாரா?"

"நம்மளப் போலத்தான். திண்ணமாட்டார்."

"இவர்ர மூத்தாப்பமார கொடுங்கோல் ராசா ஃபிர்அவ்ன்ட கையில இருந்து அல்லாஹ் காப்பாத்தின நாளுக்குத்தானே நாம ஆஷூரா நோன்பு புடிக்கிறம்," என்றார் கடைக்காரர்.

"அப்ப இருங்க, தொரை. சோறு ஆறுது."

உண்ணும் முன் உப்புத் தொட்டு வைப்பது மரபு. கடைக்காரரே உப்புக் கிண்ணத்தை ஏந்தி வந்து தலைமை மரைக்காயரின் முன் நீட்டினார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. "காக்கா, உப்பு," என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார். மரைக்காயர் ஒரு சிட்டிகை எடுத்தார், நாவில் வைத்தார். "காணும், போதும்," என்றார். மோதினார் மட்டும் குனிந்துகொண்டார், தோள்கள் குலுங்கின.

பாதிச் சோறு முடிந்திருக்கும். எல்லோர் முகத்திலும் நிம்மதி. அப்போது துரை மிகுந்த பணிவோடு கேட்டார்:

"மரைக்காயர், வெள்ளம் வடிஞ்சிட்டா?"

"எந்த வெள்ளம்? அது எப்பயோ வடிஞ்சி போச்சி."

"அப்ப சாவி?"

அடுத்த சஹன்களில் இருந்த மரைக்காயர்களின் கைகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. காய்ச்சல் மரைக்காயர் தலைத் துண்டை விலக்கிக்கொண்டு பார்த்தார். இத்தனை மாதமாக அவர்களுள் ஒருவரும் கேட்காத கேள்வி அது. கலியாணம் நடந்துவிட்டது, கதவு திறந்துவிட்டது, இனி அது எதற்கு என்று நானும் நினைத்திருந்தேன்.

தலைமை மரைக்காயர் சோறு பிசைந்த வலக்கையைப் பார்த்தார். இடக்கையால் எதையும் கொடுப்பது மரியாதையன்று. "சாப்பிடக்குள்ளயா?" என்றார். "கை கழுவிட்டுத் தாறன்."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் லெப்பை அவசரமாக.

உண்டு முடிந்ததும் விருந்தினர் கைக்கு நீர் வார்க்கும் கெண்டியைத் துரை எடுத்துக்கொண்டார். தலைமை மரைக்காயரின் முன் வந்து குனிந்து நீரைச் சரித்தார். மரைக்காயர் கை கழுவினார். விரல் விரலாகக் கழுவினார். நகக்கண்களைக் கழுவினார். மணிக்கட்டுக்கு மேலும் கழுவினார். பந்தல் முழுவதும் பார்த்திருந்தது. கெண்டி தீர்ந்தது. துரை நிமிர்ந்து, உள்வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார்:

"புள்ள, இன்னொரு கெண்டி தண்ணி."

இரண்டாவது கெண்டி பாதியானபோது, இடுப்பு வாரிலிருந்து சாவிக்கொத்தின் கொக்கி கழலும் ஓசை கேட்டது.